எத்தனை கிராம்? போதைப்பொருள் சட்டம் எடை பார்க்கக் கத்துக்கிட்ட கதை

போன மாசம் வந்த மெயில்கள்ல ஒரே மாதிரி மூணு நாலு இருந்துச்சு. ஹாஸ்டல்ல கூடத் தங்கியிருந்த பையன், ஆஃபீஸ்ல பக்கத்து சீட் அக்காவோட தம்பி, இப்படி யாரையோ "கஞ்சா கேஸ்"ல பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. எவ்வளவு வருஷம் கிடைக்கும்? எந்த வக்கீலைப் பார்க்கணும்? நான் வக்கீல் கிடையாது, வரலாறு பேசுற ஆளு. ஆனா இந்தச் சட்டத்துல ஒரு விஷயம் இருக்கு. இன்னைக்கு ஒரு நல்ல வக்கீல் கோர்ட்ல எழுப்புற ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாடியும் ஒரு பழைய வழக்கு, பெரும்பாலும் பல வருஷம் உள்ளே இருந்த ஒரு ஆளோட வழக்கு இருக்கு. அந்தக் கதையைத் தெரிஞ்சுக்கிட்டா வக்கீல்கிட்ட என்ன கேட்கணும்னு தானாவே புரியும்.

தொடக்கம் 1893. லண்டன் நாடாளுமன்றத்துல டபிள்யூ. எஸ். கெய்ன்னு ஒரு உறுப்பினர், மதுவிலக்குக்காரர், ஒரு கேள்வி கேட்டார். இந்தியாவுல கஞ்சா விற்க அரசாங்கமே லைசென்ஸ் கொடுக்குதே, அது மக்களைப் பைத்தியமாக்குதுன்னு சொல்றாங்களே, விசாரிச்சீங்களான்னு. அதுக்காகப் போட்டதுதான் இந்திய கஞ்சா கமிஷன். ஏழு உறுப்பினர்கள், அதுல மூணு பேர் இந்தியர்கள். சென்னை மாகாணம் முதல் பர்மா வரைக்கும் விசாரிச்சாங்க. ஆயிரத்துக்கும் மேல சாட்சிகள். அறிக்கை ஏழு தொகுதி.

அந்த அறிக்கையில எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, மனநலக் காப்பகங்கள் பத்தினது. "கஞ்சாவால் பைத்தியம்"னு பதிவேட்டுல இருந்த ஆட்களோட கோப்புகளைக் கமிஷன் திரும்ப எடுத்துப் பார்த்தது. பல கோப்புகள்ல அந்தக் காரணத்தை எழுதினது டாக்டர் இல்ல. கொண்டு வந்து விட்ட போலீஸ்காரர் தாள்ல "கஞ்சா"ன்னு எழுதியிருந்தார், காப்பக எழுத்தர் அதை அப்படியே பதிவேட்டுல ஏத்திட்டார். அந்தப் பதிவேடுகளை நம்ப முடியாதுன்னு கமிஷன் சொல்லிச்சு. மிதமான பயன்பாட்டால பெரிய தீங்கு இல்ல, முழுத் தடை தேவையில்ல, வரியும் லைசென்ஸும் போதும்னு முடிவு எழுதினாங்க. கஞ்சாவுலயும் அபின்லயும் வந்த வருமானத்தை விட ஆங்கிலேய அரசுக்கு மனசு இல்லங்கிறதும் உண்மைதான். ஆனா முதல்ல யார் எழுதினாங்க, எதைப் பார்த்து எழுதினாங்கன்னு தாளைத் திருப்பிப் பார்க்குற அந்தப் பழக்கத்தை மனசுல வச்சுக்கோங்க. இன்னைக்கு எபிசோட் முழுக்க அது திரும்பத் திரும்ப வரும்.

அதுக்கப்புறம் கொஞ்சம் வேகமா ஓடலாம். 1930-ல அபாயகரமான மருந்துகள் சட்டம் வந்தது. அதுல அதிகபட்ச தண்டனை மூணு வருஷம், மறுபடி மாட்டினா நாலு. குறைந்தபட்ச தண்டனைன்னு எதுவுமே கிடையாது. 1961-ல ஐ.நா. ஒப்பந்தம். கஞ்சாவை ஒழிக்க இந்தியா மாதிரி நாடுகளுக்கு 25 வருஷ அவகாசம் கொடுத்தாங்க. பாங் பிரச்சினையால, செடியோட இலையும் விதையும் மட்டும் தனியா இருந்தா அது கஞ்சா இல்லன்னு வரையறையிலயே விட்டுட்டாங்க. அந்த ஓட்டை நம்ம சட்டத்துலயும் அப்படியே இருக்கு. சட்டப்படி கஞ்சான்னா பூக்குற, காய்க்குற நுனிப்பகுதி. பொட்டலத்துல இருந்தது நுனியா, வெறும் இலையும் தண்டுமான்னு வக்கீல்கள் இன்னைக்கும் வாதாடுறதுக்குக் காரணம் அதுதான்.

1980-கள்ல ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்துலேர்ந்து ஹெராயின் இந்தியா வழியா மேற்கு நாடுகளுக்குப் போக ஆரம்பிச்சது. வெளிநாட்டு அழுத்தம் ஒரு பக்கம், ஐ.நா. அவகாசம் முடியப் போகுதுங்கிற அவசரம் இன்னொரு பக்கம். ராஜீவ் காந்தி அரசு 1985 ஆகஸ்ட் கடைசியில மசோதாவைக் கொண்டு வந்தது. செப்டம்பர் 16-ம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல், நவம்பர் 14-ம் தேதி அமல். மொத்தமே மூணு மாசத்துக்குள்ள. அதுதான் நாம என்.டி.பி.எஸ். சட்டம்னு சொல்ற போதைப்பொருள் சட்டம்.

அந்தச் சட்டம் எடை பார்க்கவே இல்ல. ஹெராயினோ சரஸோ கையில இருந்தா குறைந்தபட்சம் பத்து வருஷம், ஒரு லட்சம் அபராதம். கிலோ கணக்குல கடத்துறவனுக்கும் அதேதான், சட்டைப் பையில ஒரு பொட்டலம் வச்சிருக்குற அடிமைக்கும் அதேதான். ஒரே ஒரு வாசல் இருந்தது, பிரிவு 27. ரொம்பக் குறைவான அளவு, அதுவும் சொந்தப் பயன்பாட்டுக்குத்தான்னு காட்டினா ஆறு மாசமோ ஒரு வருஷமோ. ஆனா சொந்தப் பயன்பாட்டுக்குன்னு நிரூபிக்க வேண்டியது மாட்டினவரோட வேலை. அடுத்த வேளை சோத்துக்கே வழியில்லாத ஒருத்தர் எப்படி நிரூபிப்பார்?

1993-ல உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு கோவா வழக்கு இதுக்கு நல்ல உதாரணம். ஒரு வெளிநாட்டுப் பயணிகிட்ட சரஸ் ரெண்டு துண்டு பிடிச்சாங்க. ஒண்ணு சுமார் 7 கிராம், இன்னொண்ணு சுமார் 5 கிராம். விசாரணை நீதிமன்றம் பத்து வருஷம் கொடுத்தது, உயர் நீதிமன்றமும் சரின்னுடுச்சு. அப்போ சரஸுக்குச் "சிறு அளவு" வரம்பு 5 கிராம். உச்ச நீதிமன்றத்துல எழும்பின கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். ரெண்டு துண்டுல எதை லேபுக்கு அனுப்பினீங்க? ஒரு துண்டைத்தான் அனுப்பியிருந்தாங்க. இன்னொரு துண்டு சரஸ்தான்னு சொல்ல ரிப்போர்ட்டே இல்ல. அனுப்பின துண்டு 5 கிராமுக்கும் குறைவு. அப்போ நிரூபணமானது அவ்வளவுதான். பத்து வருஷம் ஆறு மாசமா மாறிச்சு. ஆள் குற்றமே பண்ணலன்னு யாரும் சொல்லல, கவனிச்சுக்கோங்க. நீங்க நிரூபிச்சது இவ்வளவுதான், தண்டனையும் அவ்வளவுதான். என்னைக் கேட்டா, போதைப்பொருள் வழக்கு வக்கீலோட வேலை என்னன்னு இதைவிடச் சுருக்கமா சொல்ல முடியாது.

இதுக்கு நடுவுல, 1989-ல, நாடாளுமன்றம் சட்டத்தை இன்னும் இறுக்கிச்சு. மறுபடி பெரிய அளவுல மாட்டினா மரண தண்டனை வரைக்கும் போனாங்க. ஆனா சாதாரண ஆட்களை அதிகமா பாதிச்சது ஜாமீன் பத்தின பிரிவு 37. இவர் குற்றவாளி இல்லன்னு நம்ப நியாயமான காரணம் இருக்கு, வெளியில விட்டா இன்னொரு குற்றம் பண்ண மாட்டார், இந்த ரெண்டும் நீதிபதிக்குத் திருப்தியானாதான் ஜாமீன். விசாரணையே ஆரம்பிக்காதப்போ இவர் குற்றவாளி இல்லன்னு ஒரு நீதிபதி எப்படி முடிவுக்கு வருவார்? விளைவு, ஜெயில் நிரம்பிச்சு, வழக்கு நகரல. 1994-ல உச்ச நீதிமன்ற சட்ட உதவிக் குழுவே விசாரணைக் கைதிகள் சார்பா கோர்ட்டுக்குப் போக வேண்டியதாச்சு. குறைந்தபட்சம் பத்து வருஷ தண்டனை உள்ள குற்றம்னா, அஞ்சு வருஷம் விசாரணைக் கைதியா இருந்தவங்களை ஜாமீன்ல விடுங்கன்னு தீர்ப்பு வந்தது. இதை அந்தக் காலத்துல பெரிய வெற்றியா பார்த்தாங்க. தீர்ப்பே வராம அஞ்சு வருஷம்.

கடைசியா 2001-ல சட்டம் தராசைக் கையில எடுத்துச்சு. அந்தத் திருத்தம் அக்டோபர் 2-ம் தேதி அமலுக்கு வந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் சிறு அளவு, வணிக அளவுன்னு ரெண்டு கோடு போட்டாங்க. கஞ்சாவுக்கு 1 கிலோ, 20 கிலோ. சரஸுக்கு 100 கிராம், 1 கிலோ. ஹெராயினுக்கு 5 கிராம், 250 கிராம். நகரத்துப் பார்ட்டிகள்ல பேர் அடிபடுற எம்.டி.எம்.ஏ.வுக்கு அரை கிராம், 10 கிராம். கோடு எவ்வளவு கீழே வந்துடுச்சுன்னு பாருங்க. கஞ்சா நினைப்புல "கொஞ்சம்தானே"ன்னு மாத்திரையை வாங்குறவங்களுக்கு இந்த எண்கள் தெரியறதில்ல.

கஞ்சாவை வச்சு தண்டனையைச் சொல்றேன். சிறு அளவுன்னா இப்போ அதிகபட்சம் ஒரு வருஷம், பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். நடு அளவுன்னா பத்து வருஷம் வரை. வணிக அளவுன்னா குறைந்தபட்சம் பத்து, அதிகபட்சம் இருபது. பிரிவு 37-ஓட இறுக்கமும் 2001-க்கு அப்புறம் முக்கியமா வணிக அளவுக்கும், கடத்தலுக்குப் பணம் கொடுக்கறது மாதிரி சில குற்றங்களுக்கும்தான். அதனால எஃப்.ஐ.ஆர். கைக்கு வந்ததும் முதல்ல தேட வேண்டியது எடையையும் பிரிவையும்தான். நியூஸ்ல "போதை கும்பல்"னு வர்றதைப் பார்த்து பயப்படாதீங்க, அந்தத் தாளைப் பாருங்க.

எடை போடறதுலயும் சண்டை ஓயல. 2008-ல உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்குல பிடிபட்டது 4 கிலோ பொடி. அதுல உண்மையான ஹெராயின் சுமார் 60 கிராம்தான், மீதி கலப்படம். சுத்தமான சரக்கைத்தான் எடை போடணும்னு நீதிமன்றம் சொல்லிச்சு. அடுத்த வருஷமே மத்திய அரசு அறிவிப்பாணை போட்டு அதை மாத்திச்சு. 2020-ல மூணு நீதிபதிகள் அமர்வு, கலப்படத்தோட சேர்த்து மொத்த எடைதான் கணக்குன்னு முடிச்சு வச்சது. எனக்கு இது நியாயமா படல. சுண்ணாம்பு மாவு கலந்தவன் எவனோ, அந்த மாவு எடைக்கும் ஜெயில் போறது வாங்கினவன். ஆனா இன்னைக்குச் சட்டம் அதுதான்.

சரி, "வச்சிருந்தார்"னா என்ன அர்த்தம்? நாலு பேர் ஒரு கார்ல போறாங்க, டிக்கியில பை. யாரோட கையில இருந்துச்சு? தெரிஞ்சே, தன் கட்டுப்பாட்டுல வச்சிருக்கணும், அதுதான் சட்டம் கேட்குற உடைமை. ஆனா பிரிவு 35-ம் 54-ம், பொருள் உங்ககிட்ட இருந்தா உங்களுக்குத் தெரிஞ்சுதான் இருந்ததுன்னு எடுத்துக்குது, இல்லன்னு காட்ட வேண்டியது நீங்க. 2008-ல வந்த நூர் ஆகா வழக்கு இதுல ஒரு பூட்டு போட்டுச்சு. அடிப்படை விஷயங்களை, அதாவது பொருள் அங்கே இருந்தது, இவர்கிட்டதான் இருந்தது, முறையா கைப்பற்றினோம்ங்கிறதை, முதல்ல அரசுத் தரப்பு நிரூபிக்கணும். அதுக்கப்புறம்தான் சுமை இந்தப் பக்கம் திரும்பும்.

"முறையா"ங்கிற அந்த வார்த்தையிலதான் பாதி வழக்குகள் ஜெயிக்குது, தோக்குது. தகவல் வந்து சோதனைக்குப் போனா அதை எழுதி 72 மணி நேரத்துக்குள்ள மேலதிகாரிக்கு அனுப்பணும். கைது பண்ணி, பொருளைக் கைப்பற்றினா 48 மணி நேரத்துக்குள்ள முழு அறிக்கை போகணும். மாஜிஸ்திரேட் முன்னிலையில மாதிரி எடுக்கணும். உடம்பைச் சோதிக்கணும்னா, அரசிதழ் அந்தஸ்து உள்ள அதிகாரியோ மாஜிஸ்திரேட்டோ முன்னாடி சோதிக்கச் சொல்ற உரிமை உங்களுக்கு இருக்குன்னு முன்கூட்டியே சொல்லணும். இது பிரிவு 50. 1999-ல பல்தேவ் சிங் வழக்குலயும், 2010-ல இன்னொரு அஞ்சு நீதிபதிகள் அமர்வுலயும், இதைச் சொல்லாம உடம்புலேர்ந்து எடுத்ததை மட்டும் வச்சு தண்டனை கொடுக்க முடியாதுன்னு உறுதியாச்சு. ஆனா ஒண்ணு. பை உடம்பு இல்ல. தோள்ல மாட்டின பை, பைக் பெட்டி, ரூம் அலமாரி, இதுக்கெல்லாம் பிரிவு 50 பொருந்தாதுன்னு 2005-லேர்ந்து நீதிமன்றம் சொல்லிட்டு வருது. யூட்யூப்ல "பிரிவு 50 சொல்லுங்க, தப்பிச்சுடலாம்"னு பேசுறவங்க இதைச் சொல்றதே இல்ல.

இப்போ நம்ம ஊர். 2004-ல சென்னையில மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவு போட்ட ஒரு ஹெராயின் வழக்கு. போலீஸ்கிட்ட கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமா ஆகாதுன்னு 1872 சாட்சியச் சட்டத்துலேர்ந்தே இருக்கு. ஆனா இந்தப் பிரிவோட அதிகாரிகள் "போலீஸ் இல்ல"ன்னு 1990-ல ஒரு தீர்ப்பு. அதனால அவங்க பிரிவு 67-ல எழுதி வாங்குற வாக்குமூலத்தை வச்சே ஆட்களுக்குத் தண்டனை கொடுக்க முடிஞ்சது. மூடின அறை, வக்கீல் கிடையாது, கடைசியில ஒரு கையெழுத்து. சென்னை வழக்குலயும் பத்து வருஷ தண்டனை வந்தது, சென்னை உயர் நீதிமன்றமும் உறுதி பண்ணிச்சு. உச்ச நீதிமன்றத்துல இந்தக் கேள்வி 2013-ல பெரிய அமர்வுக்குப் போய், 2020 அக்டோபர் 29-ம் தேதிதான் பதில் வந்தது. நீதிபதி ரோஹின்டன் நாரிமன் எழுதின பெரும்பான்மைத் தீர்ப்பு, ரெண்டுக்கு ஒண்ணு. அந்த அதிகாரிகளும் போலீஸ் அதிகாரிகள்தான், அந்த வாக்குமூலம் செல்லாது. டோஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசுன்னு நாடு முழுக்க இன்னைக்கு மேற்கோள் காட்டுறாங்க. பிடிபட்டவர் "சரக்கு கொடுத்தது இவன்"னு சொன்னார்ங்கிற ஒரே காரணத்துக்காக ஃபோன் கான்டாக்ட்ல இருந்த பையனைத் தூக்கிட்டு வந்தா, வக்கீல் முதல்ல எடுக்குற ஆயுதம் இந்தத் தீர்ப்புதான்.

இப்போ வக்கீல் விஷயம். அரசியலமைப்பு பிரிவு 22, கைதானவர் தனக்குப் பிடிச்ச வக்கீலைக் கலந்து பேசலாம்னு 1950-லேர்ந்தே சொல்லுது. காசு இல்லாதவங்களுக்கு? 1979-ல, வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி கொண்டு போன பீகார் விசாரணைக் கைதிகள் வழக்குல, இலவச சட்ட உதவி அடிப்படை உரிமைன்னு ஆச்சு. 1981-ல பாகல்பூர் வழக்குல, முதல் தடவை மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்துற நாளிலேர்ந்தே அந்த உரிமை உண்டு, மாஜிஸ்திரேட்டே எடுத்துச் சொல்லணும்னு ஆச்சு. 1995-ல சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் அமலுக்கு வந்தது. காவல்ல இருக்குறவருக்கு வருமான வரம்பே கிடையாது, பணக்காரரா இருந்தாலும் கேட்கலாம். இலவச எண் 15100. மாவட்ட நீதிமன்ற வளாகத்துலயே அவங்க ஆஃபீஸ் இருக்கும். இலவசம்னா மட்டம்னு ஒரு எண்ணம் நம்மகிட்ட இருக்கு. சில இடத்துல அது உண்மையும்கூட. ஆனா கைதான முதல் நாள், தெரிஞ்ச வக்கீல் யாரும் இல்லாத ராத்திரியில, ரிமாண்டை எதிர்த்துப் பேச ஒரு ஆள் வேணும்ல?

நீங்களே தேடறதா இருந்தா, இந்தியாவுல வக்கீல் விளம்பரம் பண்ணக் கூடாது, பார் கவுன்சில் விதி 36. 2024-ல ஆன்லைன் தளங்கள் வழியா கட்சிக்காரர் பிடிக்கிற வக்கீல்கள் மேல நடவடிக்கை எடுக்கணும்னு சென்னை உயர் நீதிமன்றமே சொல்லிச்சு. அதனால "நம்பர் ஒன் போதை வழக்கு வக்கீல்"னு ரேட்டிங்கோட ஒருத்தர் வந்தா எனக்கு நம்பிக்கை வராது. ஸ்டேஷன் வாசல்ல நின்னு "நான் முடிச்சுத் தர்றேன்"னு ஒரு தொகை சொல்ற ஆளையும் அப்படியேதான் பார்ப்பேன். நல்ல வழி, சிறப்பு நீதிமன்றத்துக்கு நேர்ல போறது. சென்னையிலயும் மதுரையிலயும் போதைப்பொருள் வழக்குகளுக்குன்னே சிறப்பு நீதிமன்றங்கள் இருக்கு. ஒரு நாள் உட்கார்ந்து பாருங்க. யார் சாட்சியைத் தேதி தேதியா, நேரம் நேரமா கேட்குறாங்க, யார் வாய்தா மட்டும் வாங்கிட்டுப் போறாங்கன்னு தெரிஞ்சுடும். இ-கோர்ட்ஸ் தளத்துல வழக்குகளோட வக்கீல் பேரும் இருக்கும்.

பேசும்போது ஜாமீன் கிடைக்குமான்னு மட்டும் கேட்காதீங்க. எடை எந்தப் பிரிவுல வருது, மகஜர்ல என்ன நேரம் போட்டிருக்கு, லேப் ரிப்போர்ட் வந்துச்சா, குற்றப்பத்திரிகைக்குக் கடைசித் தேதி எதுன்னு கேளுங்க. வணிக அளவுன்னா 180 நாள், நீதிமன்றம் அனுமதிச்சா ஒரு வருஷம் வரை நீளும். மத்ததுக்குச் சாதாரணமா 60 அல்லது 90 நாள். அதுக்குள்ள குற்றப்பத்திரிகை வரலன்னா ஜாமீன் உரிமை. ஆனா குற்றப்பத்திரிகை வர்றதுக்கு முன்னாடி மனு போட்டிருக்கணும். இந்தத் தேதியைக் குடும்பமும் காலண்டர்ல குறிச்சு வச்சுக்கணும், வக்கீல் ஞாபகத்தை மட்டும் நம்பாதீங்க. அடிமையா இருக்குறவர் தானா சிகிச்சைக்கு வந்தா, சிறு அளவு வழக்குல விலக்கு கேட்க பிரிவு 64ஏ இருக்கு. அதையும் கேளுங்க, பல பேர் அதைத் தொடவே மாட்டாங்க. விசாரணை வருஷக்கணக்கா இழுத்தா பிரிவு 37-ஐத் தாண்டியும் ஜாமீன் கொடுக்கலாம்னு 2023-ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. முகமது முஸ்லிம் வழக்கு, பேரைக் குறிச்சுக்கோங்க.

தமிழ்நாட்டுக்கு மட்டும் ஒரு கூடுதல் விஷயம். ஜாமீன் வர்ற நேரத்துல குண்டாஸ் போடுறது நம்ம ஊர்ல சகஜம். 1982 சட்டம், அதோட தலைப்புலயே "மருந்துச் சரக்குக் குற்றவாளிகள்" இருக்காங்க. விசாரணை இல்லாம 12 மாசம் வரை வைக்கலாம். அறிவுரைக் குழுமத்துக்கு முன்னாடி வக்கீல் வச்சுக்குற உரிமை இல்ல, அரசியலமைப்பே அப்படித்தான் எழுதியிருக்கு. அப்போ போக வேண்டிய இடம் உயர் நீதிமன்றம், ஆட்கொணர்வு மனு. சென்னையிலயோ மதுரைக் கிளையிலயோ அந்த மனுக்களையே தொழிலா நடத்துறவங்க இருக்காங்க, கீழ்க்கோர்ட் வக்கீலே அதையும் பார்ப்பார்னு விட்டுடாதீங்க. உத்தரவை எந்தத் தேதியில கொடுத்தாங்க, ஆவணங்கள் தமிழ்ல இருந்துச்சா, படிக்கிற மாதிரி நகல் கொடுத்தாங்களான்னு அவர் கேட்பார். அந்தத் தாள் எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க.